மானாவாரி நிலத்தில் இலந்தை: கொட்டை ஊன்றுவது முதல் பழம் பறிப்பது வரை

ஒட்டு இலந்தைக் கன்றைப் பாக்கெட்டோடு வாங்கி வந்து, வைகாசியில் குழி வெட்டி வைத்து, வாரம் இரண்டு குடம் ஊற்றியும் கருகிவிட்டது என்று சொல்பவர்களை விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் ஊருக்கு ஊர் பார்க்கலாம். அதே காட்டின் வரப்பில் யாரும் தண்ணீர் ஊற்றாத நாட்டு இலந்தை பச்சையாக நிற்கும். வித்தியாசம் வேரில்தான். வரப்பு மரத்தின் ஆணிவேர் முளைத்த நாள் முதல் நேராகக் கீழே இறங்கியது. பாக்கெட் கன்றின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிட்டது, அல்லது நடும்போது அறுந்துவிட்டது.

அதனால் கிணறு இல்லாத நிலத்துக்கு நான் சொல்லும் வரிசை இது: நாட்டு இலந்தைக் கொட்டையை நிலத்திலேயே ஊன்றுங்கள். ஒரு கோடையை அது தாண்டட்டும். அடுத்த பருவத்தில் நல்ல ரகத்தின் மொட்டை அதில் ஒட்டுங்கள். கன்று நடுவதைவிட ஏறக்குறைய ஓர் ஆண்டு தாமதமாகும். ஆனால் செத்த கன்றுக்குப் பதில் கன்று வைத்துக்கொண்டே போகும் செலவும் அலைச்சலும் இருக்காது.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

இலந்தைக்கு மண் பெரிய தடை அல்ல. செம்மண், சரளை, கரிசல், கொஞ்சம் உவர் நிலம் எல்லாம் தாங்கும். தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் பள்ளம் மட்டும் வேண்டாம்.

உண்மையான தடை ஆடு. இலந்தைத் தழை ஆட்டுக்கு அவ்வளவு பிடிக்கும். முளைத்த செடியை ஒருமுறை கடித்தால் ஒட்டுக்கு வேண்டிய நேரான தண்டு கிடைக்காது. வேலி இல்லாமல் தொடங்காதீர்கள். வேலிக் காசு இல்லையென்றால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கருவேல முள்ளை அடைக்கலாம். முதல் இரண்டு ஆண்டுக்கு அது போதும்.

கொட்டைக்கான பழத்தைத் தை, மாசியிலேயே சேர்த்துவிட வேண்டும். நாட்டு மரத்தில் நன்றாகப் பழுத்து உதிர்ந்ததைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வையுங்கள். புரட்டாசியில் மழை இறங்கியபிறகு கொட்டை தேடினால் கிடைக்காது. புதியவர்களுக்கு முதல் ஆண்டு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

2. ரகத்தை இப்போதே முடிவு செய்யுங்கள்

ஒட்டுவது அடுத்த ஆண்டுதான் என்றாலும் மொட்டு எடுக்கும் தாய்மரம் எங்கே இருக்கிறது என்பது இன்றே தெரிந்திருக்க வேண்டும். அந்த மரம் காய்ப்பதை ஒரு பருவமாவது நேரில் பாருங்கள். பெயர் சொல்லி விற்கும் குச்சியை நம்பி ஒட்டாதீர்கள்.

மழை குறைந்த இடத்துக்கு கோலா, சேப் இரண்டும் நல்லவை. கோலா முந்திப் பழுக்கும், உருண்டையான மஞ்சள் பழம். ராஜஸ்தானின் சேப் வறட்சியை நன்றாகத் தாங்கும். உம்ரான் பெரிய நீள்வட்டப் பழம், பிந்திப் பழுக்கும், பயணத்தைத் தாங்கும். ஆனால் கடைசி வரை மண்ணில் ஈரம் இருந்தால்தான் பழம் திரளும். கைத்தலி, பனாரசி ஆகியவையும் தமிழ்நாட்டில் வளர்கின்றன. அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி போன்ற இடங்களில் குச்சிக்கு விசாரித்துப் பாருங்கள்.

நர்சரிகளில் ஆப்பிள் இலந்தை என்று விற்கும் பெரிய காய் ரகம் சொட்டுநீர் உள்ள தோட்டத்துக்கானது. படத்தில் பார்க்கும் அளவு மானாவாரியில் வராது.

ஒரே ரகத்தை நிலம் முழுக்க வைக்காதீர்கள். பல இலந்தை ரகங்கள் தன் மகரந்தத்தால் சரியாகக் காய் பிடிப்பதில்லை. பூ கொட்டும், காய் நிற்காது. குறைந்தது இரண்டு ரகம், முடிந்தால் மூன்று, வரிசை மாற்றி ஒட்டுங்கள். இரண்டும் ஒரே காலத்தில் பூக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. குழியும் பிறை வரப்பும்

ஆனி, ஆடிக்குள் குழி வெட்டிவிடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 செ.மீ. மானாவாரிக்கு மரத்துக்கு மரம் 6 மீட்டர் விடுங்கள். ஏக்கருக்குச் சுமார் 110 மரம் வரும். முதல் ஆண்டில் நிலம் காலியாகத் தெரிகிறதே என்று நெருக்கினால், ஐந்தாம் ஆண்டில் வேர்கள் ஒன்றுக்கொன்று ஈரத்துக்குப் போட்டி போடும்.

வெட்டிய குழி இரண்டு வாரம் வெயிலில் காயட்டும். பிறகு மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய எருவும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடுங்கள். கரையான் உள்ள செம்மண்ணில் மக்காத சாணி போட்டால் கரையானை நாமே கூப்பிட்டதாகிவிடும். தரைமட்டத்துக்கு ஒரு சாண் உயரமாகவே மூடுங்கள். முதல் மழையில் மண் அமர்ந்துவிடும். அமர்ந்தபின் பள்ளமானால் முளைக்கும் கொட்டை தண்ணீரில் ஊறி அழுகும்.

மழைக்கு முன்பே பிறை வரப்பு போடுங்கள். சரிவின் தாழ்ந்த பக்கம், குழியைச் சுற்றி அரைவட்டமாக, வாய் மேட்டுப் பக்கம் பார்த்தபடி. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆரம், ஒரு சாண் உயரம். மேட்டிலிருந்து ஓடி வரும் தண்ணீர் மரத்தடியில் நின்று இறங்குவதற்காகத்தான் இது. செடி வரப்பை ஒட்டிய அடிப்பள்ளத்தில் இல்லாமல் சற்று மேலே இருக்க வேண்டும். வரப்பை எதிர்ப்பக்கம் போட்டு, தண்ணீரைச் செடிக்கு வராமல் தடுத்தவர்களும் உண்டு. ஒரு மழை பெய்யும்போது நிலத்தில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தபின் போட்டால் தவறாது.

4. கொட்டையைத் தயார் செய்து ஊன்றுதல்

ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 170 கிராம் கல்லுப்பைக் கரைத்துக் கொட்டைகளைப் போடுங்கள். மிதப்பவை பொக்கு, எடுத்து எறியுங்கள். மூழ்கியவற்றை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு நாள் ஊறவையுங்கள்.

அப்படியே ஊன்றினால் முளைக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். ஓடு அவ்வளவு கெட்டி. சின்னச் சுத்தியலால் ஓட்டின் மேல் மெதுவாகத் தட்டி விரிசல் விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் முளை வந்துவிடும். நம் பக்கம் மழைக்காலமே ஐப்பசி, கார்த்திகை என்று குறுகியது. அதில் இரண்டு வாரம் மிச்சமாவது கோடைக்குள் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தீர்மானிக்கும். ஓங்கி அடித்தால் உள்ளிருக்கும் பருப்பும் நசுங்கும். பத்துக் கொட்டையில் கையைப் பழக்கிக்கொண்டு பிறகு தொடருங்கள்.

மண் நன்றாக நனையும் முதல் மழைக்குப் பிறகு, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி தொடக்கத்திலோ குழிக்கு மூன்று கொட்டை, ஒரு சாண் இடைவெளியில், இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு தூறலை நம்பி ஊன்றினால் முளை வெளியே வந்து காய்ந்துவிடும். செடிகள் அரை அடி ஆனதும் நேரான, திடமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரியால் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அசையும்.

5. முதல் கோடை

மாசியிலிருந்து ஆடி வரை செடியைக் காப்பாற்றினால் போதும், வளர்க்க வேண்டியதில்லை. கார்த்திகை மழை நின்றவுடன் தூரைச் சுற்றிக் களை எடுத்து, காய்ந்த சருகோ கடலைத் தொலியோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். கரிசலில் இது கட்டாயம். கோடையில் கரிசல் வெடிக்கும்போது அந்த வெடிப்பு இளம் வேரை அறுத்துவிடும்.

தண்ணீர் கொண்டுவர முடிந்தவர்கள் செடிக்கு ஒன்றரை அடி தள்ளி ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி மூடி வையுங்கள். கசியும் ஈரம் வேரைக் கீழே இழுக்கும். தினமும் மேலாக ஒரு சொம்பு ஊற்றுவதுதான் கெடுதல். வேர் மேல்மண்ணிலேயே பரவி, ஊற்றாத வாரத்தில் செடி வாடும்.

சித்திரையில் இலை உதிர்ந்து குச்சியாக நின்றால் பதறாதீர்கள். கோடையில் உறங்குவது இலந்தையின் இயல்பு. நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

6. மொட்டு ஒட்டுதல்

எல்லாச் செடியையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு பென்சில் கனம் இருந்தால் மட்டும் ஒட்டுங்கள். மெலிந்தவை அடுத்த மழைக்குக் காத்திருக்கட்டும்.

நேரம்: ஆவணி, புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்து நான்கைந்து நாள் கழித்து. அப்போதுதான் சாறு ஓடி, பட்டை கட்டையை விட்டு வழுக்கிக் கழலும். கத்தியால் கீறித் தூக்கும்போது பட்டை நாராகக் கிழிந்தால் அன்று வேலையை நிறுத்திவிடுங்கள். காய்ந்த பட்டையில் எத்தனை திறமையானவர் ஒட்டினாலும் பிடிக்காது.

குச்சி: தாய்மரத்தில் இந்தப் பருவம் வளர்ந்து, பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய குச்சி. நுனி இளசாகவும் அடி முற்றலாகவும் இருக்கும். நடுவிலுள்ள மொட்டுகளையே எடுங்கள். வெட்டியவுடன் இலைகளைக் கத்தரித்து, காம்பை மட்டும் அரை அங்குலம் விடுங்கள். இலையோடு வைத்தால் அரை நாளில் குச்சியின் ஈரத்தை அது குடித்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, நிழலில் கொண்டுவாருங்கள். அன்றோ மறுநாளோ ஒட்டுவது நல்லது.

ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள் இருக்கும், ஒன்று நேராக, ஒன்று கொக்கியாக. மொட்டை எடுக்கும் முன்பே இரண்டையும் நறுக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் கட்டும்போது பாலித்தீன் பட்டையைக் கிழித்து, காற்று உள்ளே போகும்.

செய்முறை இது. வேர்ச்செடியின், அதாவது கொட்டையிலிருந்து வளர்ந்த நாட்டுச் செடியின், தண்டைத் துணியால் துடையுங்கள். ஒரு சாண் உயரத்தில் குறுக்கே ஒரு செ.மீ., அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி மூன்று செ.மீ. கீறுங்கள், பட்டை மட்டும் அறுபட வேண்டும், கட்டையில் கத்தி இறங்கக் கூடாது. கத்தியின் பின்முனையால் இரு பக்கமும் பட்டையை லேசாகத் தூக்குங்கள். இப்போது குச்சியில் மொட்டுக்கு ஒன்றரை செ.மீ. கீழிருந்து மேல்நோக்கிச் சீவி, கேடயம் போன்ற துண்டை எடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கட்டைச் செதிலை நகத்தால் உரித்துவிடுங்கள். அப்படி உரிக்கும்போது மொட்டின் பின்புறம் குழி விழுந்தால் உயிர்ப்பகுதி கட்டையோடு போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டு பயன்படாது, வேறு எடுங்கள்.

துண்டைக் காம்பைப் பிடித்துக் கீறலுக்குள் மேலிருந்து கீழே வழுக்கி இறக்குங்கள். விரல் உட்புறத்தில் படக்கூடாது. மேலே நீட்டிக்கொண்டிருந்தால் குறுக்குக் கீறலோடு சமமாக வெட்டுங்கள். பாலித்தீன் பட்டையைக் கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று படியச் சுற்றுங்கள். கூரை வேய்வதைப் போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடினால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. மொட்டையும் காம்பையும் மட்டும் வெளியே விடுங்கள்.

சீவுவதற்கும் செருகுவதற்கும் இடையில் நேரம் கடத்தாதீர்கள். புதியவர்கள் துண்டைச் சீவிக் கையில் வைத்துக்கொண்டு பிறகுதான் தண்டைக் கீறுகிறார்கள். ஆவணி வெயிலில் அந்தச் சில நிமிடத்திலேயே துண்டின் ஓரம் சுருண்டுவிடும். முதலில் தண்டு, பிறகு மொட்டு. மாலை வேளையோ மேகமூட்டமான நாளோ பாருங்கள்.

இரண்டு, மூன்று வாரம் கழித்து அந்த விட்டுவைத்த காம்பை விரலால் தொடுங்கள். தொட்டதும் உதிர்ந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. கறுத்துச் சுருங்கி ஒட்டிக்கொண்டே இருந்தால் மொட்டு செத்துவிட்டது. தண்டின் மறுபக்கம், சற்றுக் கீழே மறுபடி ஒட்டலாம்.

7. ஒட்டு பிடித்த பின்

பிடித்தது உறுதியானதும் மொட்டுக்கு மேல் அரை அடி விட்டு வேர்ச்செடியை வெட்டுங்கள். மொட்டை ஒட்டியே வெட்ட வேண்டாம். மிச்சம் நிற்கும் கட்டை, புதுத் துளிரைக் கட்டிவைக்கும் ஊன்றுகோல். துளிர் காற்றில் பிளந்து விழுவதை இது தடுக்கும். துளிர் ஒரு அடி வளர்ந்து கெட்டியானதும் கட்டையை மொட்டுக்கு மேலே சாய்வாக வெட்டி எடுங்கள். பாலித்தீன் பட்டையையும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பின்புறமாகக் கீறி அவிழ்த்துவிடுங்கள். மறந்தால் தண்டை இறுக்கும்.

இதைவிட முக்கியம் போத்து, அதாவது அடித்தண்டிலிருந்து கிளம்பும் புதுத் துளிர். மேலே வெட்டியதும் ஒட்டுக்குக் கீழிருந்து நாட்டு இலந்தைப் போத்துகள் வேகமாகக் கிளம்பும். வாரம் ஒருமுறை கையால் பறித்துவிடுங்கள். இரண்டு மாதம் நிலத்துப் பக்கம் போகாமல் இருந்தால் நாட்டுப் போத்து மேலேறி ஒட்டை அமுக்கிவிடும். வாங்கியது ஒட்டு, காய்த்தது நாட்டுக் காய், நர்சரி ஏமாற்றிவிட்டது என்று சொல்லும் மரங்களில் அடியைப் பார்த்தால் பலவற்றில் இதுதான் நடந்திருக்கும். அடையாளம் எளிது: நாட்டுப் போத்தின் இலை சிறியது, முள் நெருக்கம், ஒட்டு ரகத்தின் இலை பெரியது.

8. ஏற்கனவே நாட்டு மரம் நிற்கிறதா?

வரப்பிலும் தரிசிலும் தானாக வளர்ந்த இலந்தை இருந்தால், அதுதான் உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல வேர்ச்செடி. மாசி, பங்குனியில் தரையிலிருந்து இரண்டடி விட்டு ரம்பத்தால் அறுங்கள். வெட்டுவாயில் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசுங்கள். கோடை மழைக்குப் போத்துகள் கும்பலாக வரும். நான்கு திசைக்கு ஒன்றாக மூன்று, நான்கை விட்டு மற்றவற்றை நீக்குங்கள். ஆவணியில் அந்தப் போத்துகளில் ஒட்டுங்கள். ஆழமான பழைய வேர் இருப்பதால், புதிதாக ஊன்றியதைவிட முந்தியே பழம் பார்க்கலாம். ஒரு மரத்தில் இரண்டு ரகம் ஒட்டுவதும் இங்கே எளிது.

9. உருவம் கொடுத்தல், கவாத்து

முதல் இரண்டு ஆண்டு உருவத்துக்கு. முக்கால் மீட்டர் வரை ஒற்றைத் தண்டு. அதற்கு மேல் வெவ்வேறு திசையில் மூன்று, நான்கு முதன்மைக் கிளை. தரையில் படரும் கிளையை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள்.

காய்க்கத் தொடங்கிய பிறகு ஆண்டுதோறும் கவாத்து கட்டாயம். இலந்தை அந்த ஆண்டு துளிர்த்த புதுக் கிளையின் இலைக்கக்கத்தில்தான் பூக்கும். புதுத் துளிர் வலுவாக வந்தால்தான் காய். வெட்டாமல் விட்ட மரம் குடையாக அடர்ந்து, ஓரத்தில் மட்டும் பொடிக்காய் காய்க்கும்.

அறுவடை முடிந்து இலை உதிர்ந்து மரம் உறங்கும் மாசி, பங்குனியே நேரம். சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளில் அடியிலிருந்து 15 முதல் 20 கணு விட்டு நுனியை வெட்டுங்கள். உள்நோக்கிப் போவது, ஒன்றோடொன்று உரசுவது, காய்ந்தது எல்லாவற்றையும் அடியோடு நீக்குங்கள். மரத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று நுனியை மட்டும் கிள்ளுபவர்கள் அதிகம். அதனால் பயனில்லை. அதேபோல், ஆனியில் துளிர் வந்தபின் கவாத்து செய்தால் அந்தத் துளிருக்குச் செலவான சத்தை வெட்டி எறிகிறோம், பூவும் தள்ளிப்போகும்.

வெட்டிய முள்கிளைகளை எரிக்காதீர்கள். அடுத்த குழிகளுக்கு முள்ளடைப்பு அதுதான்.

10. எருவும் ஈரமும்

வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு 20 கிலோ மக்கிய எரு, ஆடி, ஆவணி மழையைப் பார்த்து, கிளை நிழல் விழும் வட்டத்தில் கிளறி மூடுங்கள். தூரோடு கொட்டினால் உறிஞ்சும் வேர் அங்கே இல்லை. காய்ந்த மண்ணில் ரசாயன உரம் போட வேண்டாம்.

ஒரு டேங்கர் தண்ணீருக்குத்தான் வழி இருக்கிறது என்றால் அதைக் கோடையில் செலவழிக்காதீர்கள். காய் பட்டாணி அளவில் பிடித்து நிற்கும் நேரத்தில் மழை ஏமாற்றினால் அப்போது விடுங்கள். உதிர்வு குறையும்.

11. பழ ஈ, சாம்பல் நோய்

இலந்தைப் பழ ஈ தோலுக்குள் முட்டையிடும். புழு சதையைத் தின்று, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அதனால் மருந்தைவிட மண்ணைக் கவனிப்பதே பலன் தரும். உதிர்ந்த பழத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். வரப்போரம் எறிந்தால் அங்கிருந்தே திரும்பி வரும். கோடையில் மரத்தடியைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் வெளியே வரும். பக்கத்து வரப்பில் காய்க்கும் நாட்டு மரத்தின் உதிர்ந்த பழத்தையும் சேர்த்துப் பொறுக்காவிட்டால் பாதி வேலைதான். மருந்து அடிப்பதாக இருந்தால், காய் பட்டாணி அளவு இருக்கும்போது தோட்டக்கலை அலுவலரைக் கேட்டு அடியுங்கள். பூவில் அடிக்காதீர்கள், தேனீயும் ஈயும் வந்தால்தான் காய். பழுக்கும்போதும் வேண்டாம், அதைக் கழுவாமலே கடிப்பார்கள் குழந்தைகள்.

ஐப்பசிக் குளிரில் இளங்காயில் வெள்ளை மாவு படிந்தால் சாம்பல் நோய். காய் பழுப்பேறி உதிரும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாவு தெரிந்தவுடன் ஒருமுறை, 15 நாள் கழித்து இன்னொருமுறை. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

12. பறிப்பு

நம் பக்கம் கார்த்திகையில் தொடங்கி மாசி வரை ரகத்துக்கேற்பப் பழுக்கும். ஒரே மரத்தில் எல்லாம் ஒன்றாகப் பழுக்காது. நான்கைந்து முறை பறிக்க வேண்டும். பச்சை மாறி ரகத்துக்குரிய மஞ்சள் ஏறியதைக் காலையில் கையால் பறியுங்கள். முற்றாமல் பச்சையாகப் பறித்தது வீட்டில் சரியாகப் பழுக்காது, சுருங்கும். கழியால் அடித்து உதிர்த்தால் அடிபட்ட இடம் மறுநாளே பழுப்பாகிவிடும், கடைக்காரர் எடுக்க மாட்டார்.

அளவில் பிரித்து, நிழலில் காற்றாட வைத்து, இரண்டு மூன்று நாளில் விற்றுவிடுங்கள். தரம் குறைந்து மிஞ்சுவதை வெயிலில் உலர்த்தலாம். இலந்தை வடை இடிப்பவர்கள் புளிப்பான நாட்டுப் பழத்தையே கேட்பார்கள் என்பதால் வரப்பு மரங்களில் ஒன்றிரண்டை ஒட்டாமலே விட்டுவைப்பது நல்லது.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் மரத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள். இலை தானாக உதிரட்டும். உதிர்ந்து முடிந்த வாரமே கத்தரியையும் ரம்பத்தையும் தீட்டிக்கொண்டு கவாத்தைத் தொடங்கலாம்.